ஒரு சாண் பள்ளமும் ஒரு மாளிகையும்

இயற்பியல் படிக்கிறவனுக்கு மாளிகையோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நான் தேடிப் போனது மாளிகையை அன்று; சந்திரனை. 1609-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கலிலியோ சந்திரனை வரைவதற்குச் சில திங்கள் முன்னரே, தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர் தொலைநோக்கியால் அதைப் பார்த்துப் படம் வரைந்துவிட்டார். அவர் அதைச் செய்த இடம், லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள சையன் மாளிகை. அந்தப் பெயரைத் தொடர்ந்து படிக்கப் போய்த்தான், ராபர்ட் ஆடம் என்னும் கட்டடக் கலைஞர் அம்மாளிகையின் உட்புறத்தை மாற்றியமைத்த கதை கையில் சிக்கியது.

சிக்கிய வேளையும் பொருத்தமான வேளைதான். ஊரில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிடலாமா என்று அந்த வாரந்தான் அப்பா தொலைபேசியில் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் கூடத்தைவிடச் சமையற்கட்டு ஒரு சாண் தாழ்வு. அந்த இடத்தில் கால் இடறி விழுந்து பாட்டி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பார்க்க வந்த பொறியாளர், "ஒட்டுப் போட்டுப் பயனில்லை; இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஒரு சாண் பள்ளத்துக்காக ஒரு வீட்டையே இடிப்பதா என்று அப்பாவுக்கு மனம் வரவில்லை.

சையன் மாளிகைக்கும் இதே நோய் இருந்தது. அது முன்பு கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இருந்த இடம். 1539-இல் மடம் கலைக்கப்பட்டது. 1547-க்குப் பிறகு சாமர்செட் கோமகன் அங்கே, நடுவில் முற்றமும் நாற்புறமும் கட்டடமுமாக ஒரு வீட்டை எழுப்பினார். 1594 முதல் அது பெர்சி குடும்பத்தின் கைக்கு வந்தது, இன்றும் அக்குடும்பத்தாருடையதே. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் தலைவராக இருந்தவர், அக்குடும்பத்து வாரிசான எலிசபெத் சீமோரை மணந்த ஹியூ ஸ்மித்ஸன். மனைவி வழியில் சொத்து வந்ததும் தம் பெயரையும் பெர்சி என்று மாற்றிக்கொண்டார். மணத்துக்கு வெளியே அவருக்குப் பிறந்த மகன் ஜேம்ஸ் ஸ்மித்ஸன் ரசாயன அறிஞரானார். அவர் விட்டுச் சென்ற பணத்தில்தான் 1846-இல் அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் நிறுவனம் தோன்றியது. விஞ்ஞான மாணவன் இதைச் சொல்லாமல் போக முடியுமா?

1762-இல் ஆடமை அழைத்தபோது அவருக்கு வயது 34. ஸ்காட்லாந்துக்காரர். இத்தாலியில் பழைய ரோமானியக் கட்டடங்களைக் கற்றவர். டயோக்ளீஷியன் சக்கரவர்த்தியின் அரண்மனை இடிபாடுகளை அளந்து நூலாக வெளியிட்டவர். சையனில் அவருக்குக் கிடைத்தது வெற்றுமனை அன்று. இருநூறு ஆண்டுப் பழைய சுவர்கள். வெளிச்சுவர்கள் அப்படியே நிற்க வேண்டும். உள்ளே எல்லாம் புதிதாகத் தோன்ற வேண்டும்.

முதல் இடறல் வாயில் மண்டபத்திலேயே காத்திருந்தது. அதன் தரை, அடுத்த அறையின் தரையைவிடத் தாழ்ந்திருந்தது. ஒரே மட்டமாக்க வேண்டுமானால் தளங்களையே பெயர்க்க வேண்டும். ஆடம் பெயர்க்கவில்லை. மண்டபத்தின் அந்தக் கோடியில் தூண்களை நிறுத்தினார். தூண்களுக்குப் பின்னே படிகள் வைத்தார். முன்னே, சாகும் தறுவாயில் சாய்ந்திருக்கும் ஒரு வீரனின் வெண்கலச் சிலையை அமர்த்தினார். உள்ளே வருகிறவர் பள்ளத்தைக் காண்பதில்லை. சிலையைக் காண்கிறார், பிறகு தூண்களை, பிறகு மேலேறும் வழியை. குறையாகத் தோன்றியதை அழகாக மாற்றிவிட்டதாக ஆடமே பின்னாளில் எழுதினார். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனாலும் உண்மை.

படியேறினால் அடுத்த அறை. அது சதுரமாக இல்லை. ஆடம் பச்சைச் சலவைக்கல் தூண்களை ஒரு பக்கம் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தினார். தூண்களுக்குள் அடங்கிய இடம் சதுரமாகிவிட்டது! தூண்களின் தலையில் பொன்முலாம் பூசிய சிலைகள் வேறு. படத்தில் பார்க்கும் எனக்கு அந்த அறையில் பகட்டு மிகுதி என்றே படுகிறது.

நான் மிகவும் வியந்தது நீண்ட கூடத்தைத்தான். நீளம் 136 அடி, அகலம் 14 அடி. நம் விடுதித் தாழ்வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் சுவர்த்தூண்களைச் சம இடைவெளியில் வைத்தால், கண் அவற்றை வரிசையாக எண்ணிக்கொண்டே ஓடி, நீளத்தை இன்னும் நீட்டிவிடும். ஆடம் அவற்றைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, இடையிடையே புத்தக அடுக்குகளையும் கணப்படுப்புகளையும் வைத்தார். கண் நின்று நின்று செல்கிறது. கூரையிலோ குறுக்கே சாய்ந்தோடும் கோலங்கள்; சுவரோரத்தில் அவை முடிவதுபோல் இல்லை, சுவருக்கு அப்பாலும் தொடர்வதுபோல் தோன்றுகின்றன. அகலம் ஓர் அங்குலமும் கூடவில்லை. கூடியதாகக் கண் நம்புகிறது. விருந்துக்குப் பின் பெண்கள் ஒதுங்கியிருப்பதற்காக அமைந்த கூடம் அது. ஆண்களின் சத்தம் அங்கே எட்டாமல் இருக்க நடுவே வேறோர் அறை உண்டு!

எல்லாம் அவர் எண்ணப்படி நடக்கவில்லை. முற்றத்தின் நடுவே பெரிய வட்ட மண்டபம் ஒன்றுக்குத் திட்டம் வரைந்தார். அது கட்டப்படாமலே போயிற்று.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது, "கோமகனுக்குச் சிலை வைக்கலாம், உன் பாட்டிக்கு என்ன வைப்பது?" என்றார். சரியான கேள்வி. ஆடமின் படிகள் பாட்டிக்கு உதவா. மணிக்கட்டை முறித்ததே ஒரு படிதான். ஆனால் இடிப்பதற்கு முன் அளந்து பார்க்கலாம் அல்லவா? ஒரு சாண் என்பது 9 அங்குலம். அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுத்தால் 9 அடி நீளம் போதும். கூடத்திலிருந்து சமையற்கட்டுக்கு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் வழியாகவும் போகலாம். அது 11 அடி இருக்கும் என்பது என் நினைவு. கொத்தனாரை அழைத்து அளந்து சொல்லும்படி அப்பாவைக் கேட்டிருக்கிறேன்.