உழைக்கும் வண்டிக்கு உறுதியான கூண்டு
அலுமினியத்தில் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

1932-ம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் உள்ள போர்டு மோட்டார் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி.

அவர் கேட்டது என்ன?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போக வேண்டும். இரண்டு வண்டி வாங்கப் பணம் இல்லை. இரண்டுக்கும் உதவும்படி ஒரே வண்டி செய்து தர முடியுமா? இதுதான் கேள்வி!

கம்பெனியில் லூ பேண்ட் என்ற இளைஞர் வேலை பார்த்தார். அவருக்கு வயது 22. அவர் படம் வரைந்தார். முன்பக்கம் கார். பின்பக்கம் சாமான் ஏற்றும் தொட்டி. இரண்டும் ஒரே உடம்பு! 1934-ல் ஜீலாங் நகரத் தொழிற்சாலையில் இருந்து அந்த வண்டி வெளியே வந்தது. ஆஸ்திரேலியர்கள் அதைச் செல்லமாக "யூட்" என்று அழைத்தார்கள். மற்ற நாடுகளில் அதற்குப் "பிக்-அப்" என்று பெயர்.

இன்று ஆஸ்திரேலியாவில் கார் தொழிற்சாலைகள் இல்லை. 2017-ல் கடைசித் தொழிற்சாலையும் மூடப்பட்டது. வண்டிகள் தாய்லாந்து முதலிய நாடுகளில் இருந்து கப்பலில் வந்து இறங்குகின்றன. ஆனால் யூட் மீது உள்ள ஆசை மட்டும் குறையவில்லை. தச்சர், குழாய் வேலைக்காரர், மின்சாரத் தொழிலாளி, விவசாயி எல்லோருக்கும் அதுதான் வண்டி. விடுமுறை வந்தால் மனைவி மக்களோடு பாலைவனம் சுற்றிப் பார்க்கவும் அதுதான்!

திறந்த தொட்டியின் தொல்லை

இந்த வண்டிக்கு ஒரு குறை உண்டு. பின்பக்கம் திறந்து கிடக்கும். மழை பெய்தால் நனையும். வெயில் அடித்தால் காயும். தெருவில் நிறுத்தினால் திருடன் கை வைப்பான்.

ஒரு தச்சரை நினைத்துப் பாருங்கள். இழைப்புளி, ரம்பம், துளை போடும் இயந்திரம் எல்லாம் வண்டியில்தான். இரவோடு இரவாக அவை போய்விட்டால், மறுநாள் அவர் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்!

இதற்குத்தான் கூண்டு. தொட்டியின் மேல் நாலு பக்கமும் அடைத்து, கூரை போட்டு, கதவு வைத்துப் பூட்டுகிற பெட்டி. இதன் விலை பல ஆயிரம் டாலர். வண்டிக்கு அடுத்தபடி பெரிய செலவு அதுதான். எனவே பார்த்து வாங்க வேண்டும்.

இரும்பில் செய்கிறார்கள். கண்ணாடி நாரில் செய்கிறார்கள். கித்தானிலும் செய்கிறார்கள். ஆனால் அதிகம் பேர் விரும்புவது அலுமினியம். காரணம் என்ன?

வெள்ளி விலை விற்ற உலோகம்!

அலுமினியம் ஒரு காலத்தில் ஏழைக்கு எட்டாத பொருள். 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் கூர்முனை வைத்தார்கள். அதை அலுமினியத்தில் செய்தார்கள். அப்போது அலுமினியம் ஏறக்குறைய வெள்ளி விலை!

1886-ல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் எரூ. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தை மலிவாகப் பிரித்து எடுக்கும் முறையை ஒரே ஆண்டில் இருவரும் கண்டுபிடித்தார்கள். இன்னொரு அதிசயம் கேளுங்கள். இருவரும் பிறந்தது 1863. இருவரும் இறந்தது 1914!

அதன் பிறகு அலுமினியம் சமையல் அறைக்கே வந்துவிட்டது. நம் வீட்டுச் சோற்றுப் பானையும் அதுதான்.

அந்தப் பானையைக் கையில் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு லேசு! ஒரே அளவுள்ள இரும்புத் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். அது துருப்பிடிப்பதும் இல்லை. காற்று பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் படிகிறது. அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் மறுபடி படிந்துகொள்ளும்.

கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை வரம்பு உண்டு. வண்டி, ஆள், சாமான், எண்ணெய் எல்லாம் சேர்த்து அதற்கு மேல் போகக் கூடாது. போனால் சட்டப்படி குற்றம். பிரேக்கும் பிடிக்காது.

ஒரு வண்டியின் வரம்பு 3,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறும் வண்டி 2,100 கிலோ. மிச்சம் 950 கிலோ. பெரியவர்கள் நாலு பேர் ஏறினால் 320 கிலோ போயிற்று. மிச்சம் 630.

இப்போது கூண்டு. நீளம் 1.8 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், உயரம் 0.9 மீட்டர். ஆறு பக்கமும் சேர்த்து சுமார் 13 சதுர மீட்டர் தகடு வேண்டும். 2.5 மில்லிமீட்டர் கனத்தில் அலுமினியத் தகடு மட்டும் 88 கிலோ. அதே கனத்தில் இரும்புத் தகடு 255 கிலோ! இரும்பை 1.6 மில்லிமீட்டராக மெல்லியதாக்கினாலும் 163 கிலோ.

சட்டம், கீல், பூட்டு எல்லாம் இதற்கு மேல். தண்ணீர் பீப்பாய், குளிர்பெட்டி, மாற்றுச் சக்கரம் இன்னும் ஏறவில்லை. கூண்டில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு கிலோவும் குடிதண்ணீருக்கு ஆகும். பாலைவனத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் சும்மாவா?

எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கூண்டின் முழு எடை என்ன?" சாலையில் போகிற எடைமேடையில் காலி வண்டியை ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பது மிகவும் நல்லது.

எல்லா அலுமினியமும் ஒன்றல்ல

சுத்த அலுமினியம் மிருதுவானது. அதனால் அதில் வேறு பொருள்களைக் கலக்கிறார்கள். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு எண் உண்டு.

5052 என்ற தகட்டில் மக்னீசியம் சுமார் 2.5 சதவிகிதம். வளைக்கலாம், வெல்டிங் செய்யலாம், உப்புக் காற்றையும் தாங்கும். 5083 என்பதில் மக்னீசியம் 4 சதவிகிதத்துக்கு மேல். படகு கட்டுகிறவர்கள் விரும்பும் தகடு அது. கூண்டின் சுவருக்கு இவை இரண்டும் ஏற்றவை.

6061 என்பது சட்டத்துக்கு ஏற்றது. முறுக்கு அச்சில் மாவைப் பிழிகிற மாதிரி, சூடான அலுமினியத்தை அச்சில் அழுத்திப் பிழிந்து நீளச் சட்டமாக எடுக்கிறார்கள். உறுதி அதிகம். ஆனால் வெல்டிங் செய்த இடத்தில், சூட்டினால் அதன் உறுதி குறைந்துவிடும். எனவே மூலைகளில் வெறும் பற்றவைப்பு மட்டும் போதாது. முக்கோணத் துண்டு வைத்துப் பலப்படுத்தி இருக்கிறார்களா என்று பாருங்கள்.

"கப்பல் அலுமினியம்" என்று வாயால் சொன்னால் போதாது. எண்ணைக் கேளுங்கள். ரசீதிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தகடு கனமா? சட்டம் பலமா?

கனமான தகடுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை.

ஒரே கனமுள்ள இரும்பும் அலுமினியமும் ஒரே பாரத்துக்கு எப்படி வளையும்? இரும்பு ஒரு பங்கு வளைந்தால், அலுமினியம் ஏறக்குறைய மூன்று பங்கு வளையும். ஆகவே தகட்டை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே சட்டம் வேண்டும். தகட்டில் மடிப்பும் வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆட்டம்!

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். கடைசியில் ஒடிந்துவிடும். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ஆடினால் எத்தனை தடவை ஆடினாலும் கெடாது. அலுமினியத்துக்கு அப்படித் திட்டமான எல்லை கிடையாது. சின்னச் சின்ன ஆட்டமும் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் விரிசல் காட்டும்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் சாலைகள் எப்படிப்பட்டவை? பர்ட்ஸ்வில் பாதை 517 கிலோமீட்டர். கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பாலும் மண் சாலை. அதன் மேல் சலவைப் பலகை போல வரி வரியாக மேடு பள்ளம். வண்டி மணிக்கணக்கில் தடதடவென்று அதிரும். ஊருக்குள் 10 ஆண்டு உழைத்த கூண்டு அங்கே ஒரே பயணத்தில் வாய் பிளந்துவிடலாம்!

அதனால் வாங்கும்போது வெல்டிங்கைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே சீராக, மீன் செதிள் அடுக்கிய மாதிரி இருக்க வேண்டும். ஓட்டையோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டியோடு பொருத்துவது எப்படி?

பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் அடிச்சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கூண்டை விறைப்பாக முடுக்கி இருந்தால், அந்த முறுக்கு கூண்டின் மூலையைப் பிளக்கும். ஆகவே கொஞ்சம் இளக்கம் கொடுக்கும்படி ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்துப் பொருத்துவார்கள்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டு பாரம் ஏற்றினால், வண்டியின் அடிச்சட்டமே வளைந்துவிடும். கனமான சாமான் முன்பக்கம், கீழே. லேசான சாமான் பின்பக்கம், மேலே. இதுதான் விதி.

கூரை மேல் கூடாரம் வைப்பவர்கள் இரண்டு கணக்குக் கேட்க வேண்டும். நிற்கும்போது எவ்வளவு தாங்கும்? ஓடும்போது எவ்வளவு தாங்கும்? ஓடும்போது தாங்குவது குறைவாகத்தான் இருக்கும்.

உப்பும் புளியும்

அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை ஊற்றி வைக்காதே என்று பாட்டி சொல்வாள். சரியான பேச்சு! புளியும் உப்பும் அந்த மெல்லிய தோலை அரித்துவிடும்.

கடற்கரையில் ஓடும் வண்டிக்கும் இதே கதிதான். அலுமினியத்தில் இரும்பு அல்லது எவர்சில்வர் போல்ட் முடுக்கினால், உப்பு ஈரம் பட்டவுடன் இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்சாரம் ஓடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். தடுக்க வழி? நடுவே நைலான் வாஷர் வைப்பதுதான். கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி விடுங்கள்.

பெயிண்ட் வேண்டுமா? பவுடர் பூச்சு அழகாக இருக்கும். ஆனால் கீறல் விழுந்தால் அதன் அடியில் அரிப்பு பரவும். உடனே தொட்டு மூடிவிட வேண்டும். வெயில் ஊரில் வெள்ளை நிறமே நல்லது. கறுப்பு, கூண்டுக்குள் அடுப்பு மூட்டிவிடும்!

தூசி, தண்ணீர், திருடன்

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். அதனால் சந்து கிடைத்த இடமெல்லாம் தூசி உள்ளே இழுக்கப்படும். இதற்கு ஒரு யுக்தி உண்டு. கூரையில் முன்நோக்கி ஒரு காற்று வாய் வைத்து, அதற்கு வடிகட்டி போடுவார்கள். ஓடும்போது சுத்தமான காற்று உள்ளே நிரம்பி, சந்து வழியாக வெளியே தள்ளும். தூசி நுழையாது.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். கதவில் அதை வைத்து மூடுங்கள். இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் சரியில்லை. கதவைச் சுற்றிப் பல இடத்தில் இப்படிச் செய்யுங்கள். பிறகு குழாயால் தண்ணீர் அடித்துப் பாருங்கள்.

பூட்டு ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் போதாது. நடுவிலும், மேலும் கீழும் தாழ் விழ வேண்டும். கீல் வெளியே தெரிந்தால், அதைக் கழற்ற முடியாதபடி அமைத்திருக்க வேண்டும். பூட்டு எவ்வளவு பெரிதானாலும், கீலைக் கழற்றினால் கதவு தானாக வந்துவிடுமே!

உயிர் விஷயம்

கூண்டு சாமானுக்கு. மனிதருக்கு அல்ல. குழந்தைகளை விளையாட்டுக்குக்கூட உள்ளே ஏற்றி ஓட்டக் கூடாது. புகைவாயில் இருந்து வரும் நச்சுக் காற்று உள்ளே புகும்.

சமையல் கேஸ் உருளையை மூடிய கூண்டுக்குள் வைக்காதீர்கள். கசிந்தால் வாயு வெளியே போக வழி இராது. ஒரு சின்னப் பொறி போதும்!

பணம் கொடுக்கும் முன்

இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

1. கூண்டின் முழு எடை என்ன?
2. தகட்டின் எண் என்ன? கனம் எவ்வளவு?
3. உள்ளே சட்டம் உண்டா? மூலைகள் பலமா?
4. போல்ட்டுக்கு நடுவே வாஷர் இருக்கிறதா?
5. ரப்பர் காகிதத்தைப் பிடிக்கிறதா?
6. விரிசல் விட்டால் யார் சரி செய்வார்? மண் சாலையில் ஓட்டினாலும் உத்தரவாதம் உண்டா?

ஆறாவது கேள்விதான் முக்கியம். "நல்ல சாலைக்கு மட்டும்" என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாங்கிய பிறகும் வேலை முடியவில்லை. முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் முடுக்கிப் பாருங்கள். நீண்ட பயணம் போய் வந்தால் மூலைகளை ஈரத் துணியால் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். தலைமுடி அளவு விரிசலை அன்றே பற்றவைத்தால் சின்னச் செலவு. விட்டுவைத்தால் கூண்டே போய்விடும்.

அந்த விவசாயியின் மனைவி கேட்டது ஆடம்பர வண்டி அல்ல. இரண்டு வேலைக்கு ஒரு வண்டி. கூண்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பளபளப்பு முதல் மழையோடு போய்விடும். உறுதிதான் ஊர் வந்து சேரும்!