ஒரு மென்பொருள் நூலகத்தின் பராமரிப்பு

நூலகம் என்றதும் புத்தக அலுமாரிகளே நினைவுக்கு வரும். கணினித் துறையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. பல நிரல்களுக்குப் பொதுவாக வேண்டிய வேலைகளை ஒருமுறை எழுதித் தொகுத்துவைத்தால் அத்தொகுதி நூலகம் எனப்படும். லினக்ஸ் என்னும் திறந்த மூலப் பணிசெயல் முறைமையில் வழங்கும் 'லிப்பியூஸ்' அத்தகையது. மின்சாரப் பெட்டியில் எரிந்துபோகும் பியூசுக்கும் இதற்கும் உறவில்லை. நீண்ட ஆங்கிலப் பெயரொன்றின் சுருக்கமே அது.

வன்தட்டில் கோப்புக்களை எவ்வாறு அடுக்குவது, எவ்வாறு தேடி எடுப்பது என்பதை வகுக்கும் ஒழுங்கே கோப்பு முறைமை. இவ்வொழுங்கை அறிந்த நிரல் வழக்கமாகப் பணிசெயல் முறைமையின் கருவினுள்ளே அமையும். கரு என்பது இயந்திரம் முழுவதையும் ஆளும் பகுதி. அதனுள் நேரும் சிறு தவறும் கணினி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். ஆதலின் புதியதொரு கோப்பு முறைமையை ஆக்க எண்ணியவர் கருவைத் தொட அஞ்சினார். அவ்வச்சம் நியாயமானதே.

இத்தடையை நீக்கியவர் ஹங்கேரி நாட்டவரான மிக்லோஷ் செரெடி. அவர் உருவாக்கிய பியூஸ், 2005ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவின் 2.6.14ஆம் பதிப்பில் இடம்பெற்றது. ஒருவர் ஒரு கோப்பைத் திறக்கிறார் எனக் கொள்வோம். வேண்டுகோள் கருவை அடைகின்றது. கரு தானே விடை கூறாது, வெளியே இயங்கும் சாதாரண நிரலொன்றுக்கு அதனை அனுப்புகின்றது. அந்நிரல் தரும் விடையைக் கேட்டவரிடம் சேர்ப்பிக்கின்றது. இடையில் நின்று வேண்டுகோளைப் பிரித்து நிரலுக்கு விளங்கும்படி கொடுப்பதே நூலகத்தின் தொழில். நிரல் பழுதுற்றால் அது மட்டுமே வீழும். வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆயினும் வின்டோஸ் வன்தட்டுக்களை லினக்சில் படிக்கவும் எழுதவும் உதவும் என்டிஎப்எஸ்-3ஜி, தொலைவிலுள்ள கணினியின் கோப்புக்களை அருகிலிருப்பனபோலக் காட்டும் எஸ்எஸ்எச்எப்எஸ் முதலியன இவ்வழியாலேயே பிறந்தன.

இங்கே வியப்பான விதியொன்று உண்டு. ஒருவர் இவ்வாறு இணைத்த கோப்பு முறைமைக்குள், அவர் இசைவு தந்தாலன்றி, கணினியின் நிருவாகியும் நுழைய முடியாது. வஞ்சகமான நிரலொன்று முடிவில்லாத தரவை அனுப்பியோ, விடையே தராது காக்கவைத்தோ நிருவாகியின் பணிகளை முடக்கலாம் அல்லவா? விதி நிருவாகியின் காப்புக்காகவே ஏற்பட்டது.

பராமரிப்பின் அருமை 2016ஆம் ஆண்டில், மூன்றாம் தலைமுறைப் பதிப்பு வெளிவந்தபோது புலப்பட்டது. கோப்பின் பெயரை மாற்றும் கட்டளைக்குப் பழைய பெயர், புதிய பெயர் என்னும் இரண்டு செய்திகள் முன்னர் போதியனவாக இருந்தன. புதிய பதிப்பிலே மூன்றாவதொன்றும் வேண்டியதாயிற்று. அவசியமான மாற்றந்தான், எனினும் இரண்டு செய்திகளை மட்டும் அறிந்த பழைய நிரலைப் புதிய நூலகத்துடன் பொருத்தினால் அது தவறாகவே நடக்கும். எனவே பராமரிப்பாளர்கள் பழையதை அழித்து அவ்விடத்தில் புதியதை வைக்கவில்லை. இரண்டும் ஒரே கணினியில் வெவ்வேறு பெயர்களுடன் இருக்க வழி செய்தனர்.

அவ்வளவு செய்தும் இடர் முற்றாக நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டில் வெளியான உபுண்டு 22.04இல் பழைய நூலகம் இயல்பாக நிறுவப்பட்டிருக்கவில்லை. அதனை நம்பியிருந்த ஆப்இமேஜ் வகைச் செயலிகள் திறக்க மறுத்தன. பழைய நூலகத்தைப் பயனாளரே தேடி நிறுவ வேண்டியதாயிற்று. நேற்றுவரை நூலகத்தின் பெயரையே கேள்வியுறாதவர், அது இல்லாதபோதுதான் அதன் பெயரை அறிந்தார்.

இத்தனை நிரல்களைத் தாங்கும் நூலகத்துக்குப் பெரும் பணிமனையும் ஆட்படையும் இருக்கும் என நேயர்கள் எண்ணக்கூடும். சில ஆண்டுகள் அதன் அறிமுகக் குறிப்பிலேயே, ஒழுங்காகப் பங்களிப்போர் எவரும் இல்லை என எழுதப்பட்டிருந்தது. அப்போதைய பராமரிப்பாளர் பிறர் அனுப்பும் திருத்தங்களை ஆராய்ந்து சேர்த்துப் பதிப்புக்களை வெளியிடுவார். பெரும் பழுதுகளைக் கவனிப்பதற்கு அப்பால் புதிதாக எதையும் ஆக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. எஸ்எஸ்எச்எப்எஸ் நிரலோ 2022ஆம் ஆண்டில், இதுவே தற்போதைய பராமரிப்பாளரின் இறுதிப் பதிப்பு என்ற அறிவிப்புடன் கைவிடப்பட்டது. அன்று அது எத்தனையோ கணினிகளில் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருந்தது.