எந்திரப் பாவையும் வழிநூல் மரபும்

பேளுக்குறிச்சி கொல்லிமலையின் அடிவாரத்தே அமைந்த ஊர். அம்மலையின் பாவையைச் சங்கப் புலவர் பலர் பாடியுள்ளனர். நற்றிணை 201ஆம் பாட்டில் அது, காற்றும் மழையும் இடியும் தாக்கினும் தன் உருக் கெடாத பாவை. தலைவியின் எழிலுக்கு உவமையாய் நிற்பது. பிற்கால வழக்கிலோ அப்பாவையே நகைத்து மயக்கி, அணுகினாரைக் கொல்லும் பொறியாயிற்று. பெயரும் இடமும் மாறவில்லை, தொழிலே மாறிற்று. பழம்புனைவு ஒன்று புதுக்கப்படும் முறை இதனாற் புலனாகும். ஆயின், ஈண்டுப் புதுக்கியோர் பின்வந்த பிறராவர். முதலிற் படைத்தவனே மீண்டு வந்து தன் படைப்பைப் புதுக்குவானாயின் அதனை எங்ஙனம் மதிப்பிடுவது? அறிவியற் புனைவுத் திரைப்படங்களில் இவ்வினா பலகாலும் எழுகின்றது. தமிழ் நூன்மரபின் துணைகொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபு கூறும் அளவுகோல்

தொல்காப்பியர் மரபியலில் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்தார். நன்னூலார் சார்பினையும் சேர்த்து மூன்றாக்கினார். முதனூலின் முடிபோடு பொருந்தி நிற்றலும், பின்னோன் வேண்டும் வேறுபாட்டை ஏற்றலும் வழிநூலுக்கு உரியன என்பது நன்னூலார் கருத்து. எனவே முடிபு, வேறுபாடு என்னும் இரண்டும் நமக்கு அளவுகோலாகின்றன. வேறுபாடு இல்லையேல் அது வெறும் படி. முடிபு பிறழின் அது வழிநூல் ஆகாது.

இவ்விதி இலக்கண நூல்களை நோக்கி எழுந்ததாகலின் கதைக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. கதைக்கும் முடிபு உண்டு. அம்முடிபின்மேல்தான் தொடர்கதை எழுகின்றது.

மேலைநாட்டுச் சான்று

ஜேம்ஸ் கேமரன் 1984இல் இயக்கிய ‘டெர்மினேட்டர்’ என்னும் படத்தில், எதிர்காலத்தினின்றும் வந்த எந்திர மனிதன் ஒரு பெண்ணைக் கொல்ல முயல்கின்றான். 1991இல் அவரே இயக்கிய இரண்டாம் படத்தில் அதே நடிகர், அதே உருவம். ஆயின் அவ்வெந்திரம் அப்பெண்ணின் மகனைக் காக்க வருகின்றது. முதற்படத்தின் முடிபு சிதையவில்லை. எந்திரத்தின் தொழில் மட்டுமே தலைகீழாயிற்று. வழிநூலுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

பின்னர்ப் பிறர் இயக்கிய தொடர்ச்சிகள் சில வந்தன. 2019இல் கேமரன் தயாரிப்பாளராகவும் கதையாக்கத்தில் பங்குகொண்டவராகவும் மீண்டார். இயக்கியவர் டிம் மில்லர். அப்படத்தின் தொடக்கத்திலேயே, 1991இல் அரும்பாடுபட்டுக் காக்கப்பட்ட அச்சிறுவன் கொல்லப்படுகின்றான். முன்னைய முடிபு பயனற்றதாகின்றது. படம் எதிர்பார்த்த வருவாயையும் பெறவில்லை.

தமிழ்ச் சான்று

தமிழில் இத்தகைய நீண்ட வரிசை இல்லை. அணுக்கமானவை சங்கர் இயக்கிய ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) என்னும் இரண்டுமே. எழுத்துலகில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வின் எந்திர நாயை ‘மீண்டும் ஜீனோ’வில் தாமே மீளக் கொணர்ந்தார். ‘எந்திரன்’ உரையாடலிலும் அவர்க்குப் பங்குண்டு; படம் வெளிவருமுன்னரே, 2008இல், அவர் மறைந்தார்.

‘எந்திரன்’ எழுப்பிய வினா, உணர்வு பெற்ற எந்திரத்தை மனிதன் நம்பலாமோ என்பது. ரஜினிகாந்த் நடித்த சிட்டி காதலுற்று, பகைவனால் சிவப்புச் சில்லு பொருத்தப்பெற்று, அழிவு வேலையில் இறங்குகின்றது. இறுதியில் நீதிமன்ற ஆணையை ஏற்றுத் தன் உறுப்புகளைத் தானே கழற்றுகின்றது. அப்படத்தின் உயிர்நிலை இதுவேயாம். தண்டனையை ஏற்கும் அவ்வெந்திரம் மனிதரினும் உயர்ந்து தோன்றுகின்றது.

‘2.0’இல் வினா திரும்புகின்றது: எந்திரங்களைச் செய்த மனிதனை நம்பலாமோ? பறவைகளின் அழிவுக்கு நொந்து உயிர்நீத்த பறவையியல் அறிஞர் பட்சிராசனே இதில் எதிர்நிற்பவர். கைப்பேசிகளே அவர் படை. முன்பு கேடு விளைத்த சிவப்புச் சில்லே இங்கு வெற்றிக்குக் கருவியாகின்றது. இவ்வேறுபாடு பாராட்டற்பாலது.

ஆயின் முடிபு என்னாயிற்று? தன்னைத்தானே களைந்த சிட்டி மீண்டும் பூட்டப்படுகின்றது. அதனை உயிர்ப்பித்தல் தகுமோ என்னும் எதிர்ப்பைப் படம் காட்டுகின்றதேனும், பேரிடர் எனக் கூறி விரைந்து கடந்துவிடுகின்றது. சிட்டியின் இசைவு வினவப்படவில்லை. எந்திரத்தின் உள்ளப் போராட்டம் நீங்க, அறச்சிக்கல் முழுதும் பட்சிராசனைச் சார்ந்தது. சிட்டி போர்க்கருவியாய்ச் சுருங்கிற்று.

முடிவுரை

படைத்தவனுக்குத் தன் முடிபை மாற்ற உரிமையில்லையோ எனின், உரிமை உண்டு. ஆயின் வெளிவந்த முடிபு அவனுக்கு மட்டும் உரியதன்று. அதனைக் கண்டு கலங்கினோர்க்கும் அது உரியது. ஆதலின் மீண்டு வரும் படைப்பாளி, புதியவனினும் மிகுந்த கட்டுப்பாட்டிற்கு உள்ளாகின்றான். அவனே தன் முதனூலை எளிதாகக் கருதின், அதனை மதித்தற்குப் பிறர்க்குக் காரணம் ஏது?

கொல்லிப்பாவையின் தொழிலைப் பின்னோர் மாற்றினர். எனினும் இயற்கையின் சீற்றத்திற்குக் குலையாத அதன் உருவை நற்றிணையில் இன்றும் காண்கின்றோம். புதுக்குவோன் தொழிலை மாற்றுக. நிலைத்த உருவைக் காக்க என்பதே இவ்வாராய்ச்சியால் யாம் கொள்ளத்தகும் முடிபு.