ஓட்டுபவரைப் பார்க்காத பிரீமியம்

கோவில்பட்டி வழியாக மதுரைக்கும் நெல்லைக்கும் ஓடும் நான்குவழிச் சாலையில் எந்தக் காரை நிதானமானவர் ஓட்டுகிறார், எந்தக் காரைப் போதையில் இருப்பவர் ஓட்டுகிறார் என்பதை இன்சூரன்ஸ் ரசீதை வைத்துச் சொல்ல முடியாது. 1000 சி.சி.க்குள் உள்ள சொந்தக் காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1500 சி.சி. வரை 3,416. அதற்கு மேல் 7,897. மத்திய அரசு 2022 ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்திய இந்தக் கட்டணம் இன்ஜினின் அளவை மட்டுமே பார்க்கிறது. ஜி.எஸ்.டி. தனி.

அமெரிக்காவின் கடலோர மாநிலமான ஃப்ளோரிடாவில் நிலைமை வேறு. குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவர், ஒருவருக்கு 1 லட்சம் டாலர், ஒரு விபத்துக்கு 3 லட்சம் டாலர் வரை இழப்பீடு தரும் பாலிசி வைத்திருப்பதை மூன்று ஆண்டுகள் நிரூபித்தாக வேண்டும். பிரீமியமும் வெகுவாக ஏறிவிடும்.

இங்கும் அப்படி ஒரு யோசனை வந்தது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த குழு, 2021 ஜனவரியில் போக்குவரத்து விதிமீறலுக்குத் தனிப் பிரீமியம் வசூலிக்கலாம் என்றது. குடித்து ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி. புள்ளி ஏற ஏறக் கட்டணமும் ஏறும். முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்பது திட்டம். ஆபத்தாக ஓட்டுகிறவரின் சுமையை ஒழுங்காக ஓட்டுகிறவர் ஏன் சுமக்க வேண்டும்? இது நியாயமான கேள்வி. ஆனால் தீப்பெட்டி பண்டல் ஏற்றிச் செல்லும் லாரிகளில் ஓட்டுபவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர். புள்ளி வண்டியின் மீது விழாமல் ஓட்டுநர் உரிமத்தின் மீது விழுந்தால்தான் இந்த முறை அர்த்தப்படும்.

பிரீமியத்தில் கேட்கப்படாத கேள்வி, க்ளெய்ம் போடும் நாளில் கேட்கப்படும். 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவர் குடித்திருந்தார் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுத்தது. மூச்சுப் பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை. ஆனாலும் மருத்துவக் குறிப்பில் இருந்த மது வாடையையும் விபத்து நடந்த விதத்தையும் வைத்து, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அடிபட்ட மூன்றாம் நபரின் கதை வேறு: பல வழக்குகளில் நிறுவனம் முதலில் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. அந்தத் தொகை கரிசல் காட்டில் ஒரு குடும்பத்தின் நிலத்தையே விழுங்கிவிடக் கூடியது.

சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் ஓட்டுபவரின் வரலாறு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அதுதான் 'நோ க்ளெய்ம் போனஸ்'. க்ளெய்ம் போடாத ஒவ்வோர் ஆண்டுக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். இந்தப் பகுதி பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடியில் இருப்பவர் 6,000 கட்டுகிறார். பம்பரில் பட்ட ஒரு கீறலுக்காக 5,000 ரூபாய் க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு தள்ளுபடி பூஜ்யமாகிவிடும். பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் அவர் கூடுதலாகக் கட்டும் தொகை 15,000. சின்ன அடிக்குக் கைக்காசைப் போடுவதே லாபம். பாலிசியைப் புதுப்பிக்க 90 நாளுக்கு மேல் தாமதித்தாலும் போனஸ் போய்விடும். காரை விற்றால் அந்தப் போனஸ் விற்றவருக்கே உரியது, வாங்கியவருக்கு வராது.

ஓட்டுபவரைப் போலவே ஊரையும் இந்தக் கணக்கு மேலோட்டமாகத்தான் பார்க்கிறது. சென்னை, மும்பை, டெல்லி உள்ளிட்ட எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம், மற்ற ஊர்கள் எல்லாம் 'பி'. மழைக்கு ஏங்கும் கோவில்பட்டியும், அதே மாவட்டத்தில் கடலைத் தொட்டு நிற்கும் தூத்துக்குடியும் ஒரே மண்டலம்தான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி தெருக்களில் கார்கள் மூழ்கின. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தவருக்கு அந்த வெள்ளச் சேதத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்க வழியில்லை. மக்கள் 'ஃபுல் கவர்' என்று சொல்லும் பாலிசியிலும் ஓர் ஓட்டை உண்டு. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால், 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாதவரின் க்ளெய்மைப் பொதுவாக நிராகரித்துவிடுவார்கள். தூத்துக்குடியிலோ சென்னையிலோ வண்டி வைத்திருப்பவர் பிரீமியத்தைக் குறைக்க வேறெதை விட்டாலும் இந்தக் கூடுதல் பாதுகாப்பை விடக் கூடாது. வெள்ளம் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்க்காமல் வண்டியைப் படமெடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்துக்கொண்டுதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.