பாலின் விலையை ஒப்பிடுவது எப்படி?

எந்நாட்டு உழவர் பாலுக்கு நல்ல விலை பெறுகின்றனர்? விடை எளிதெனத் தோன்றும். ஆனால் அளவையே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் நூறு பவுண்டு எடைக்கு விலை. ஐரோப்பாவில் நூறு கிலோவுக்கு. நியூசிலாந்திலோ, நீரை விலக்கி, கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஒரு கிலோவுக்கு விலை. இந்தியாவில் கூட்டுறவுச் சங்கங்கள் கொழுப்பையும் ஏனைய திடப்பொருள்களையும் சோதித்து விலை தருகின்றன. எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி. ஆதலால் விலையும் கூடுதல். எனவே சத்தின் அளவை முதலில் சமன்செய்து, பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

விலை வேறுபடுவது ஏன்? கனடா, உள்நாட்டுத் தேவைக்கேற்ப உற்பத்தியை வரையறுத்து, இறக்குமதிக்கு உயர்ந்த சுங்கவரி விதிக்கிறது. அங்கே உழவருக்கு விலை நிலையாக நிற்கிறது. அதன் சுமையைத் தாங்குபவர் பால் வாங்குவோர். நியூசிலாந்து தன் பாலில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்கிறது. உலகச் சந்தை சரிந்தால் உழவர் வருவாயும் சரியும். ஐரோப்பாவில் 1984-இல் வந்த உற்பத்தி வரம்பு 2015-இல் நீங்கியது. ரஷ்யா 2014-இல் விதித்த இறக்குமதித் தடையும் சேர, விலை வீழ்ந்து உழவர் பலர் இடருற்றனர்.

எனினும் உயர்ந்த விலை பெறுபவரே செழிப்பானவர் என்று முடிவு கட்டலாகாது. மாடுகளைப் புல்வெளியில் மேய்ப்பவருக்குச் செலவு குறைவு. தீவனத்தை விலைக்கு வாங்குபவருக்கோ அதிகம். செலவு போக எஞ்சுவதே உழவரின் குடும்பத்தைக் காப்பது.