தனியறை தண்டனையன்று!
வைத்தியசாலைக் கிருமிகளும் எமது கடமையும்

எம்மவர் ஒருவர் திடீர் நோயுற்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். சில மாதங்களுக்கு முன்னர் வேறொரு நாட்டு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை பெற்றவர் அவர். வந்தவுடனேயே மூக்கினுள்ளிருந்து மாதிரி எடுக்கப்படுகிறது. தனியறையில் கிடத்தப்படுகிறார். உள்ளே வரும் தாதியர் கையுறையும் மேலங்கியும் முகக்கவசமும் அணிந்தே வருகின்றனர். கதவடியில் நிற்கும் குடும்பத்தவர் மனம் குன்றிப் போகின்றனர். "அகதிகள் என்பதால்தானே எங்களை இப்படி ஒதுக்குகிறார்கள்?" என்ற கேள்வி எழுகின்றது.

அவமதிப்புகள் பலவற்றைக் கண்டு வந்தவர்களிடம் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் விடை வேறு. அதனை உணர்வதற்கு, 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரத்தை அறிந்துகொள்வது நன்று.

மேரிலாண்ட் மாநிலத்தின் பெத்தெஸ்தா நகரில் உள்ளது அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவகத்தின் வைத்தியசாலை. உலகின் தலைசிறந்த மருத்துவ ஆய்வு நிலையங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டு யூன் மாதத்தில், நியூயோர்க் வைத்தியசாலை ஒன்றிலிருந்து 43 வயதுப் பெண்மணி ஒருவர் அங்கு மாற்றப்பட்டார். 'கிளெப்சியெல்லா நியூமோனியே' என்னும் பக்ரீரியா அவருடலில் இருந்தது. சாதாரணமாக இது மனிதக் குடலில் தீங்கின்றி வாழக்கூடியது. ஆனால் அவரிடமிருந்த வகையோ, வேறு மருந்துகள் தோற்றபின் மருத்துவர் கையிலெடுக்கும் 'கார்பபெனெம்' மருந்துகளையே சிதைக்கும் நொதியத்தைச் சுரப்பது.

ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருந்த மருத்துவர்கள் அவரைத் தனிமைப்படுத்தினர். அவர் உயிர் பிழைத்து யூலை மாதத்தில் வீடு திரும்பினார். அபாயம் நீங்கியதென்றே அனைவரும் எண்ணினர். ஆனால் ஓகஸ்ட் மாதத்தில், அவரோடு எவ்விதத் தொடர்புமற்ற வேறொரு நோயாளியிடம் அதே கிருமி தென்பட்டது. பின்னர் இன்னொருவர், அதன்பின் மற்றொருவர். மொத்தம் 18 நோயாளரை அது பற்றியது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். அவற்றுள் ஆறு மரணங்களுக்கு இக்கிருமியே காரணமெனக் கணிக்கப்பட்டது.

யூலி செக்ரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து, அது முதல் நோயாளியிடமிருந்தே பரவியதென 2012இல் நிறுவினர். நோய்க்குறி எதுவுமின்றிக் குடலில் கிருமியைச் சுமந்தவர்களும் அச்சங்கிலியில் இருந்தனர். கைகழுவும் தொட்டிகளின் கழிவுக் குழாய்களிலும், சுத்திகரிக்கப்பட்ட சுவாச இயந்திரம் ஒன்றிலும் கூடக் கிருமி காணப்பட்டது. கொலிஸ்ரின் என்ற பழைய மருந்தை நாடினர். சிலரிடம் கிருமி அதனையும் எதிர்க்கக் கற்றுக்கொண்டது. தடுப்புச் சுவர் எழுப்பினர். கழிவுக் குழாய்களை அகற்றினர். ஒவ்வொருவரும் கைகழுவுகின்றனரா என்று கண்காணிக்கவே ஆட்களை நியமித்தனர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இக்கிருமிகள் ஏன் இத்துணைக் கொடுமை புரிகின்றன? அங்கிருப்போர் ஏற்கனவே நலிந்தவர்கள். மூச்சுக்காக ஒரு குழாய், சிறுநீருக்காக ஒரு குழாய், மருந்துக்காக இரத்த நாளத்தில் ஒரு குழாய். உயிர் காக்கும் இக்குழாய்கள் ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த வாசல். நாளும் செலுத்தப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வலுவற்ற கிருமிகளை அழித்துவிட, எதிர்க்கும் வலுவுள்ளவையே எஞ்சிப் பெருகுகின்றன. கட்டிலுக்குக் கட்டில் அவற்றைச் சுமந்துசெல்வது பெரும்பாலும் மனிதக் கையே.

இனி, எமது கேள்விக்கு வருவோம். மருந்தை எதிர்க்கும் 'ஸ்ரபிலோகொக்கஸ்' கிருமியைக் கட்டுப்படுத்துவதில் நெதர்லாந்து முன்னணியில் நிற்கும் நாடு. 'தேடு, அழி' என்பதே அந்நாட்டுக் கொள்கை. அங்கு அகதி முகாமிலிருந்து வருபவர் சோதிக்கப்படுகிறார். அவ்வண்ணமே, விடுமுறைக்குச் சென்ற இடத்தில் வைத்தியசாலையில் தங்கித் திரும்பிய ஒல்லாந்தரும் சோதிக்கப்படுகிறார். பன்றிகளிடமும் இக்கிருமி இருப்பதால், பன்றி வளர்க்கும் அந்நாட்டு விவசாயியும் சோதிக்கப்படுகிறார். சோதனையின் முடிவு தெரியும்வரை தனியறை. அங்கே பார்க்கப்படுவது கிருமி வந்திருக்கக்கூடிய வழியேயன்றி, மனிதரின் நிறமோ நாடோ அன்று.

ஆகவே, எம்மவர் சில செய்திகளை மனங்கொள்ள வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ வேறெங்கோ அண்மையில் வைத்தியசாலையில் தங்கியிருந்தால் அதனை மறைக்காதீர்கள். அனுமதிக்கப்படும்போதே மருத்துவரிடம் கூறுங்கள். மொழி இடர்ப்படுத்தினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகச் செல்வது எமது பண்பாடு. அன்பின் வெளிப்பாடுதான் அது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் அன்பு கட்டுப்பாடாகவே வெளிப்பட வேண்டும். இருவர் செல்க, ஏனையோர் வெளியே காத்திருக்க. உள்ளே செல்லும்போதும் வெளியே வரும்போதும் கைகளைத் தூய்மை செய்க. கட்டிலில் அமர வேண்டாம். குழாய்களைத் தொட வேண்டாம். அடுத்த கட்டிலில் இருப்பவரும் தமிழர் என அறிந்து, அதே கையோடு சென்று அவர் கையைப் பற்ற வேண்டாம். தாதியோ மருத்துவரோ கைகழுவ மறந்தால் பணிவோடு நினைவூட்டுங்கள். அது உங்கள் உரிமை.

வீட்டிலும் கவனம் தேவை. தடிமன் வைரசினால் வருவது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி பயன்தராது. ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையில் எஞ்சியதை மற்றவருக்குக் கொடுப்பதும், மருத்துவர் குறித்த அளவைத் தாமே குறைப்பதும் தவறு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், குறைந்த அளவு மருந்து கிருமிக்கு எதிர்ப்பாற்றலைப் பழக்கிவிடும் என்று 1945இலேயே தமது நோபல் உரையில் எச்சரித்தார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்தை எதிர்த்த பக்ரீரியாக்கள் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் உயிர்களை நேரடியாகப் பறித்தன எனக் கணிக்கப்பட்டுள்ளது.

நாளை எமது தாயோ பிள்ளையோ அதே பிரிவில் கிடக்க நேரலாம். அடுத்த அறை நோயாளிக்குப் பூட்டப்படும் கதவு, அன்று எம்மவரின் உயிரையும் காக்கும். அக்கதவின் முன் மனம் குன்றி நிற்க வேண்டாம்; கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே செல்வோம்.