வீட்டில் ஒரு கார் குறைந்தால் எவ்வளவு மிச்சமாகும்?

புக்கிட் செந்தோசா - மாலை ஏழு மணிக்கு மேல் இங்குள்ள தரை வீட்டு வரிசைகளில் நடந்து பார்த்தால் போதும். வாசலுக்குள் ஒரு கார், கேட்டுக்கு வெளியே ஒன்று, எதிர்ப்புறச் சாலையோரம் இன்னொன்று. நடுவில் மிஞ்சும் இடத்தில் ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ நுழைவது சிரமம். கார் நிறுத்தும் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்டை வீட்டாரும் உண்டு.

தோட்டத்தில் இருந்தவரை பெரட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தே போனார்கள். தாமானுக்குக் குடிபெயர்ந்த பிறகு வேலை ஒரு திசை, பள்ளி ஒரு திசை என்றானது. தெற்கே செரண்டாவில் பெரோடுவா ஆலை, வடக்கே தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் ஆலை. இரண்டு கார் ஆலைகளுக்கு இடையில் இருக்கும் ஊரில், வேலைக்குப் போய்ச் சேரவே கார் வேண்டியிருக்கிறது!

ஆகவே, காரே வேண்டாம் என்ற அறிவுரை இங்கு எடுபடாது. ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை கொமுட்டர் ரயில் சேவை 2009-இல் நீண்டது. செரண்டா, பத்தாங்காலி, ராசா ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன. ஆனால், வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகும் அந்தச் சில கிலோமீட்டருக்கே வண்டி தேவை. இரண்டாவது அல்லது மூன்றாவது கார் உண்மையில் தேவையா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பலர் மாதத் தவணையை மட்டுமே கார்ச் செலவாக நினைக்கிறார்கள். உதாரணத்துக்கு, 50,000 ரிங்கிட் கடன், 3 விழுக்காடு நிலையான வட்டி, 9 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் 13,500 ரிங்கிட். மாதத் தவணை ஏறக்குறைய 588 ரிங்கிட். சாலை வரி பெரிய தொகை அல்ல. 1,000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். காப்புறுதி, சர்வீஸ், டயர், பேட்டரி, டோல் ஆகியவைதான் பணத்தை விழுங்குகின்றன. வாரத்தில் ஐந்து நாள் வாசலில் சும்மா நிற்கும் காருக்கும் தவணையும் காப்புறுதியும் உண்டு. அதன் விலையும் இறங்கிக்கொண்டே போகும்.

விற்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில், காருக்குக் கிடைக்கும் விலையைவிட வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி அதிகமாக இருக்கக்கூடும். வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். எனவே முதலில் வங்கியில் மீதித் தொகையைக் கேட்டறிந்து, பிறகு விலை பேசுவதே நல்லது. கடன் முடிந்த பழைய கார் வீட்டில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு, தவணை ஓடும் காரை விற்க முடியுமா என்று பார்க்கலாம். தவணை கட்டவே திணறுபவர்களுக்கு ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் 2006 முதல் இலவச ஆலோசனை வழங்குகிறது.

ஒரே காரைப் பலர் ஓட்டும் வீட்டில், எல்லாருடைய பெயரையும் காப்புறுதியில் சேர்ப்பது அவசியம். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீட்டில் 400 ரிங்கிட்டை உரிமையாளரே ஏற்க வேண்டி வரலாம். பெட்ரோலைப் பற்றிய பயம் தேவையில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 சலுகை மைகார்டைச் சார்ந்தது, கார்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல.

காரை விற்றுவிட்டு மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதை மிச்சம் என்று சொல்ல முடியாது. நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டு போகிறவர்களில் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

யாருடைய காரை விற்பது என்பதுதான் கடைசியில் வரும் கேள்வி. பல வீடுகளில் விட்டுக்கொடுக்கச் சொல்லப்படுபவர் அம்மாதான். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கும், பாட்டியைக் கோலகுபு பாரு மருத்துவமனைக்கும் கொண்டுபோவது பெரும்பாலும் அவருடைய காராகத்தான் இருக்கும். இரண்டு வாரம் எந்தக் கார் எங்கே போனது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், எது வாசலில் நின்றது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.